ஏழாம் எண் நாய்

மூக்கையூர் மீன் இறங்குதளத்துக்குப் பின்னே
புயல் காப்பகத்தின் சிமிண்டு முற்றத்தில்
சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தேன்.
என்னிடம் ஒரு குடை, ஓர் அலுமினியச் சட்டி,
ஒரு வாளி மணல், அதற்குள் புதைத்த
டேபிள் டென்னிஸ் பந்துகள் நான்கு.
நம்புசெல்வி கையில் படிவம்.
பத்துக் கேள்வி, கேள்விக்கு ஐந்து மதிப்பெண்.

ஆமை முட்டைப் பொரிப்பகத்துக்குக் காவல் வேண்டுமாம்.
நரியை விரட்ட வேண்டும், முட்டையைத் தோண்டக் கூடாது,
நள்ளிரவில் டார்ச் அடித்து வரும் வாட்ச்சரைக்
கடிக்கவும் கூடாது.
இத்தனை நற்குணத்தைப்
பதினோரு நாய்களுக்குள் தேடித் தரச் சொல்லி
ஒரு கடிதம் வந்திருந்தது.

குடையைப் படாரென விரித்தேன்.
முதல் நாய் அதன் நிழலில் வந்து படுத்துக்கொண்டது.
இரண்டாவது ஓடியது ஓடியதுதான்,
சாயங்காலம் நரிப்பையூரில் பார்த்ததாகச் சொன்னார்கள்.
மூன்றாவது குடைக்கம்பியை மோந்துவிட்டு
அதன்மேலேயே காலைத் தூக்கியது.
அச்சமின்மை ஐந்து, எழுது என்றேன்.
நம்புசெல்விக்குச் சிரிப்பில் பேனா ஓடவில்லை.
ஐந்தாவது, பந்தைத் தோண்டியெடுத்து
எச்சிலோடு என் உள்ளங்கையில் வைத்தது.
தோற்ற நாய்களில் எனக்குப் பிடித்தது அது.

ஏழாவது, செவலை.
கொண்டுவந்தவர் பெயர் சந்தியாகு.
வலக்கையைக் கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டு
சுவரோரம் நின்றார்.

சட்டியை அதன் முதுகுக்குப் பின்னால் போட்டேன்.
விழுந்த சத்தத்தில் காகங்கள் எழுந்தன,
வரிசையில் நின்ற எட்டாவது நாய் குரைத்தது,
எனக்கே பல் கூசியது.
செவலை திரும்பவில்லை.
வால்கூட அசையாமல்
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஐந்து, என்றேன்.
மறுபடி போட்டேன். ஐந்து.
'ஒன்பது வருடத்தில் இப்படியொரு நெஞ்சுரம் கண்டதில்லை'
என்று குறிப்புக் கட்டத்தில்
நானே வாங்கி எழுதினேன்.

அடுத்து, கூப்பிட்டால் வருகிறதா.
வா என்றேன். வாடா என்றேன்.
பேர் என்ன என்று கேட்டேன்.
"பேரு வச்சு என்னம்மா செய்ய" என்றார் சந்தியாகு.
கையை நீட்டினேன்.
படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்ப்பதுபோல்
என் கையை ஒரு கணம் பார்த்துவிட்டு
மறுபடி கடல்.
அதற்கு முட்டை.
நம்புசெல்வி கவனமாக, உருண்டையாக வரைந்தாள்.

அப்போதுதான் அவர் மடிப்பிலிருந்து கையை எடுத்தார்.
கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல்.
நடுவே இரண்டும் இருந்த இடம்
வழவழவென்று மூடியிருந்தது.
அந்தக் கை உயர்ந்ததும்
ஒரே பாய்ச்சலில் நாய் அவர் காலடியில்.

"தோட்டா போட்ட காலம்," என்றார்.
"இவன் அணியத்துல நிப்பான்.
எனக்கு வெரலு, இவனுக்குக் காது.
மீனுக்கு என்னாச்சுன்னு நாங்க கேக்கல."
சொல்லிவிட்டு என் பேனாவைப் பார்த்தார்.
நான் போலீஸ் இல்லை என்று சொல்ல நினைத்தேன்.
அதைச் சொன்னால் வேறு என்னவோ
சொன்னதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது.
நெஞ்சுரம் நீல மையில் காய்ந்திருந்தது.

தேர்வானது பத்தாவது நாய்.
குரைக்கும், தோண்டாது, பிஸ்கட்டுக்கு மயங்காது.
நல்ல நாய். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஜீப் வர நேரமானது.
வாடைக்காற்று வட்டத்தை
வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் அழித்திருந்தது.
சந்தியாகு வள்ளத்துக்குள் குனிந்திருக்க
வெளியே மணலில் செவலை.
நான் நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கி
கையைத் தூக்கினேன்.
அது இந்தப் பக்கம் பார்க்கும்வரை
தூக்கியபடியே நின்றேன்.
தோள் வலித்தது.

வந்தது.
பாதி வழியில் நின்று யோசித்து, மறுபடி வந்தது.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
மடக்கி வைத்திருந்த இரண்டு விரல்களை மட்டும்
நிதானமாக மோந்தது.
பிறகு வந்த வழியே போய்விட்டது.